முகமூடியை மறுத்த திமிர்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மருத்துவத்தில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு டாக்டரின் கதையைச் சொல்வதுண்டு. பெயர் வூ லியென்-தே. 1879இல் பினாங்கில் பிறந்த சீனர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். 1903இல் ஊர் திரும்பினால், பிரிட்டிஷ் மலாயாவின் மருத்துவத் துறையில் மேல்பதவிகள் வெள்ளையர்களுக்கு மட்டும். எவ்வளவு படிச்சாலும் நீ கீழேதான். இந்த நியாயம் நமக்கென்ன புதுசா?

1908இல் சீனா போய் ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பினில் கொள்ளைநோய் என்று அவரை அனுப்பினார்கள். பிளேக் என்றால் எலி, தெள்ளுப்பூச்சி என்பதுதான் அன்றைய பாடம். செத்துப்போன ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்த வூ, இது இருமலில், மூச்சில் பரவுகிற பிளேக் என்றார். பஞ்சை உள்ளே வைத்து மடித்த கட்டுத்துணியை முகத்தில் கட்டச் சொன்னார்.

மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வந்தார். அனுபவசாலி. ஒரு சீனன் எனக்குச் சொல்லித்தருவதா என்ற ஏளனம். துணி கட்டாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில், வந்த சில நாளிலேயே பிளேக்கில் செத்தார். இதில் எனக்குச் சந்தோஷமில்லை; அவரும் வைத்தியம் பார்க்க வந்த மனுஷன்தான். ஆனால் யார் சொல்வது என்று பார்த்து அறிவைத் தள்ளுகிற திமிர், தள்ளுகிறவனையும் கொல்லும்.

வூ ஊரை நாலாகப் பிரித்தார். ரயில்பெட்டிகளில் ஆட்களைத் தனித்து வைத்தார். பனியில் உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல் கிடந்த ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களை அரசாணை வாங்கி எரித்தார். சுமார் 60,000 பேரைத் தின்ற நோய் சில மாதத்தில் அடங்கியது. பட்டாளத்தை வைத்து அடைத்தபோது அதிகம் அவதிப்பட்டவர்கள், பிழைக்க வந்த கூலிகள். பிணம் சுமந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையை வாசிக்கணும்.

2020இல் கொரோனா. முகமூடியோடு பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து நான் தினமும் கேட்ட சொல் 'சமூக விலகல்'. நமக்குத் தெரியாத விலகலா? ஆனால் ரெண்டும் ஒன்றல்ல. வூ சொன்ன துணி டாக்டருக்கும் உண்டு, தெருவில் போகிறவனுக்கும் உண்டு. நோய் போனால் அவிழ்த்துவிடலாம். சாதி வைக்கிற தூரம் ஒருத்தனை மட்டும் தள்ளி நிறுத்தும். அது தானாக அவிழாது.

1935இல் நோபல் பரிசுக்கு வூவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. பிறகு மலாயா திரும்பி ஈப்போவில் வைத்தியம் பார்த்தார். 1960இல் இறந்தார்.

மருத்துவம் படிக்கிற தோழர்களிடம் இனி யாராவது 'தகுதி' பற்றிப் பேசினால், ஒன்றே ஒன்று கேளுங்க: கேம்பிரிட்ஜ் பட்டமும் போதாமல்போன அந்த மேல்பதவிக்கு, என்ன தகுதி கேட்டார்கள்?