தீ வந்தால் பூனை எங்கே ஓடும்?

வீட்டில் தீப்பிடித்தால் பூனை வாசலுக்கு ஓடாது. பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில்தான் போய்ப் புகும். பயந்த பூனை ஒளிந்துகொள்ளும், கூப்பிட்டாலும் வராது.

2018 நவம்பர் 8. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்றொரு மலையூர். காலையில் மூண்ட காட்டுத்தீ சில மணி நேரத்தில் ஊரையே அழித்தது. 85 பேர் உயிரிழந்தார்கள். வெளியே போயிருந்த பலரால் வீடு திரும்ப முடியவில்லை. பிராணிகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. தன்னார்வலர்கள் வாரக்கணக்கில் தேடி, தப்பிய பூனைகளை மீட்டார்கள். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்த பூனைகளுக்கு உரியவரைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது.

நம் பக்கம் சிப் குறைவு. கழுத்துப்பட்டையில் செல்போன் எண்ணை எழுதிவிட்டால் போதும்.

பூனையைத் தூக்கிச் செல்லும் கூடையைப் பரணில் போடாதீர்கள். கூடையின் கதவைத் திறந்து, பழைய துணி விரித்து, கூடத்திலேயே வையுங்கள். பூனை அதில் தூங்கிப் பழகட்டும். பழகிய கூடைக்குள் அதை விடுவது சுலபம்.

கூரைக் கொட்டகையில் மாடு கட்டுகிறவர்களுக்கு முன்னேற்பாடு இன்னும் முக்கியம். இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கட்டிய மாடு தானாகத் தப்பாது. சங்கிலியில் பூட்டிய நாயும் அப்படித்தான். அந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது? வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

பாட்டியை யார் அழைத்து வருவது, நாயை யார் அவிழ்ப்பது என்று இன்றைக்கே பேசிவையுங்கள். வெளியே வந்தபின், எதற்காகவும் திரும்ப உள்ளே போகாதீர்கள். 101-ஐ அழையுங்கள். எந்த அறையில் எந்தப் பிராணி இருக்கிறது என்று தீயணைப்பு வீரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.