குளிர்காலப் பாலைவனம் சொல்லும் பாடம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

ஒருநாள் வகுப்பில், “பாலைவனத்தில் இரவிலே தண்ணீர் உறைந்து போவதுண்டு” என்றேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, “மணலு சுடுமே சார், எப்படிக் குளிரும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி! அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் கேன்யன்லாண்ட்ஸ் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. 1964இல் அமைக்கப்பட்டது. செம்பாறைகளும் ஆழமான பள்ளத்தாக்குகளும் நிறைந்த உயரமான பாலைவனம் அது. ஆண்டு மழை 25 சென்டிமீட்டர்கூட இல்லை. நம் தோட்டத்தில் இரவிலே மேகமும் காற்றின் ஈரமும் போர்வையாக நின்று சூட்டைக் காக்கின்றன. அங்கே அந்தப் போர்வை இல்லை. பொழுது சாய்ந்ததும் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கும் இறங்கிவிடும்.

அந்தக் குளிரிலும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, அனுமதிச் சீட்டு வாங்கி, நாள் கணக்கில் நடப்பவர்கள் உண்டு. டிசம்பர் மாதத்தில் அங்கே பகல் ஒன்பதரை மணி நேரம்தான். அதற்குள் நடந்து முடித்துக் கூடாரம் அடிக்க வேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் லேசில் காயாது. ஆகவே கம்பளி உடுத்துவார்கள். ஏறும்போது வியர்க்குமுன் மேல்சட்டையைக் கழற்றுவார்கள், நின்றதும் போட்டுக்கொள்வார்கள். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக நிறுத்துவார்கள். ஏன் தெரியுமா? பனிக்கட்டி மேலேதான் முதலில் உறையும். தலைகீழாக வைத்தால் வாய்ப்பக்கம் அடைபடாது.

இத்தனையும் செய்தாலும் ஓர் ஆபத்து உண்டு. உடம்புச் சூடு குறைந்தால் முதலில் நடுக்கம். பிறகு விரல் சொன்னபடி கேட்காது. சப்பாத்துக் கயிறு கட்ட வராது. பேச்சுக் குழறும், கால் தடுமாறும். ஆனால் அவரைக் கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்லை” என்பார்! குளிர் அறிவையும் மழுக்கிவிடுகிறது. கூட நடப்பவர்தான் கண்டுபிடித்து, காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, ஈர உடையை மாற்றி, சூடாக இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். அவர் கவனிக்கத் தவறினால் உயிரே போய்விடும்.

பெற்றோர்களே! என் வகுப்பில் ஒரு மாணவன் மூன்று மாதம் கரும்பலகை எழுத்துத் தெரியாமலே உட்கார்ந்திருந்தான். கேட்டால், “தெரியுது சார்” என்பான். நானும் நம்பிவிட்டேன். பக்கத்தில் உட்காரும் பையன்தான், “சார், இவன் என் புத்தகத்தைப் பாத்துத்தான் எழுதுறான்” என்றான். கண்ணாடி வாங்கிப் போட்ட பிறகு அவன் படிப்பே மாறிவிட்டது. அந்த மூன்று மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

பின்தங்கும் பிள்ளையும் “ஒண்ணுமில்லம்மா” என்றுதான் சொல்லும். வேலை முடிந்து வந்ததும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். மாணவர்களே, தடுமாறும் தோழனைக் கண்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது.

இன்று பரிசு பெறுவோருக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத பிள்ளைகளே, நீங்களும் எங்களோடு நடப்பவர்கள்தான். உங்களை விட்டுவிட்டு நாங்கள் போகமாட்டோம்.