நகைப்பின் நேரத்தை நிர்ணயிப்போர் யார்?

(பதுளை, ஸ்பிரிங்வெளியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளமும் காணியும் பேசவேண்டிய மேடையில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வினவலாம். பேசத்தான் வேண்டும். ஒரு சமூகம் யாருடைய வாழ்வைக் கண்டு சிரிக்கிறது என்பதும் அரசியலே.

எந்தத் தொடர் எந்நேரத்தில் வருவது என நிர்ணயிப்போர் யார்? பார்க்கும் மக்கள் அல்லர். விளம்பரம் கொடுக்கும் வர்த்தகரே. மாதிரிக்கென எடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி, அங்குள்ளோர் எவ்வேளையில் எதைப் பார்க்கின்றனர் எனக் கணிக்கின்றனர். அக்கணக்கைக் கொண்டே விளம்பரத்துக்கு விலை பேசப்படுகிறது. பொருள் வாங்கும் வசதியுள்ளோர் விரும்புவது முன்னிரவில் இடம் பெறுகிறது. அரிசியும் மாவும் வாங்கியபின் கையில் மிச்சமில்லாத தோட்டக் குடும்பத்தின் சிரிப்புக்கு அச்சந்தையில் என்ன விலை?

தமிழகத்தைப் பாருங்கள். 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி, நேரத்தையே தயாரிப்பாளருக்கு விற்கும் முறையைக் கையாண்டது. கட்டணம் செலுத்தி அரைமணி நேரத்தை வாங்கியவர், அதில் வரும் விளம்பரங்களை விற்று முதலை மீட்கவேண்டும். அத்தகையவர் புதுமைக்குத் துணிவாரா? நேற்று விலைபோனதையே இன்றும் செய்வார். அங்கு ஆயத்தமான சரக்கை வாங்குவது இங்கு புதிதாக ஆக்குவதிலும் மலிவு. ஆகவே 1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் தோன்றிய பின்னரும் கடல் கடந்து வந்த தொடர்கள் நம் மாலைகளில் பேரிடம் பெற்றன. தமிழகக் கலையை நாம் வெறுப்பவரல்லர். விருந்தினரை வரவேற்போம், ஆனால் வீட்டுக்காரன் திண்ணையில் நிற்கலாகாது.

நம்மவர்க்குத் திறமை இல்லையா? இலங்கை வானொலியில் பிறந்த ராமதாஸ் குழுவினரின் நகைச்சுவையே 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. சிங்கள மக்களுக்கோ சுயாதீனத் தொலைக்காட்சியில் 1987இல் ‘கோப்பி கடே’ தொடங்கியது. ஒரு கிராமத்துக் கோப்பிக் கடை, அங்கு கூடும் எளிய மக்கள், அவர்தம் நாட்டு நடப்பு. இவ்வளவே அதன் முதல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது. அதனை வாழ்த்துகிறோம். அதே நியாயம் பிரட்டுக் களத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் லயத்து வாசலுக்கும் வேண்டுமென்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? வானலைகள் பொதுச்சொத்து என 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த நமது உயர் நீதிமன்றமும் அரசு மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்றது. தனியார் நிலையங்களும் 1982ஆம் ஆண்டின் ரூபவாகினிச் சட்டத்தின்கீழ் பெற்ற அனுமதியினாலேயே அவ்வலைகளைப் பயன்படுத்துகின்றன.

1996இல் வேறொரு தீர்ப்பும் வந்தது. வானொலியின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டபோது, நேயர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த அவரது பேச்சுரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. கவனியுங்கள்! அவர் வெறுமனே கேட்டிருந்தவர் அல்லர், அந்நிகழ்ச்சியில் பங்குகொண்டவர். பங்குகொள்வோனுக்கே உரிமை கைகூடும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

ஆதலால் நமது கோரிக்கை மூன்று. அரசின் தமிழ் அலைவரிசைகளில் இந்நாட்டிலே ஆக்கப்பட்ட நகைச்சுவைத் தொடருக்குக் கிழமைதோறும் அரைமணி நேரம் ஒதுக்கப்படவேண்டும். அது இரவு எட்டு மணிக்கு முன் வரவேண்டும்; விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்லும் தாய், பத்து மணிவரை விழித்திருக்க இயலாது. பார்வையாளரைக் கணக்கிடுகையில் தோட்டத்து வீடுகளும் தக்க அளவில் சேர்க்கப்படவேண்டும்.

கோருவதோடு நம் கடமை தீராது. ஆசிரியர்களே, கற்ற இளைஞர்களே, நாடகம் எழுதுங்கள்! தோட்டந்தோறும் கையொப்பமிட்டு நிலையங்களுக்குக் கடிதம் அனுப்புங்கள்! மறுத்தால் காரணத்தை எழுத்திற் கேளுங்கள்! நம்மைப் பார்த்துப் பிறர் சிரித்த காலம் போகட்டும். நம் வாழ்வைக் கண்டு நாடே நம்மோடு சேர்ந்து சிரிக்கும் காலம் வரட்டும்.