இயந்திரக் கண்ணும் நம் கல்வியும்



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் புதிய அறிவியலைக் குறித்துச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம். இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் பெண்களின் உயிரோடும் நம் பிள்ளைகளின் படிப்போடும் தொடர்புடையது.

1895-இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபின், உடலைக் கீறாமலே உள்ளே காணும் வழி பிறந்தது. ஆயினும் படத்தில் தெரியும் சிறு நிழல் புற்றுநோயின் தொடக்கமா, தீங்கற்ற கட்டியா எனப் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். அப்பழக்கத்தையே இன்று கணினிக்கு ஊட்டுகின்றனர். முடிவு தெரிந்த பல்லாயிரம் படங்களைக் காட்டி, நோயுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் வேறுபடுத்தப் பயிற்றுகின்றனர். இதனையே செயற்கை நுண்ணறிவு என்கிறோம்.

சுவீடன் நாட்டில் 2021-இல் தொடங்கிய ஆய்வொன்றில் 1,05,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குகொண்டனர். ஒரு பாதியினரின் மார்பகப் படங்களை வழக்கம்போல் இரு மருத்துவர்கள் பார்த்தனர். மறுபாதியினரின் படங்களை முதலில் கணினி ஆராய்ந்து, ஐயம் மிகுந்தவற்றை இருவருக்கும், ஏனையவற்றை ஒருவருக்கும் அனுப்பியது. 2025-இல் வெளியான முடிவின்படி, கணினி துணைநின்ற பிரிவில் 338 பேருக்கும், மற்றப் பிரிவில் 262 பேருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. படம் பார்க்கும் வேலையும் 44 விழுக்காடு குறைந்தது.

ஆனால் இயந்திரம் தனக்குக் காட்டப்பட்டதையே கற்கும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோல் நோயைக் கண்டறியும் மூன்று கணினி முறைகளைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். கருநிறத் தோலின் படங்களில் அவற்றின் திறன் குறைந்தது. பல நிறத்தாரின் படங்களைக் கொண்டு மீண்டும் பயிற்றியபோது அவ்வேறுபாடு நீங்கியது. குறை தோலில் இல்லை. காட்டப்பட்ட படங்களில் இருந்தது. ஏட்டில் இடம்பெறாதவர் எவரோ, அவரை இயந்திரமும் சரியாகக் காணாது. ஒதுக்கப்படுவதன் பொருளை நன்கறிந்த நாம் இவ்வுண்மையை மறத்தலாகாது.

அவ்வாறாயின், கருவிகள் நம் ஊருக்கு வரும்வரை காத்திருப்பதா? வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தை வெறுங்கண்ணால் நோக்கிக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை நடத்தினர். அழைக்கப்பட்டவர்கள் 30 முதல் 59 வயதுவரையிலான பெண்கள். பரிசோதனை நடவாத ஊர்களோடு ஒப்பிடுகையில், அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் வெளியான முடிவு காட்டிற்று. எளிய முறையாயினும், பெண்கள் முன்வந்தமையால் உயிர்கள் காக்கப்பட்டன.

எனவே நம் கடமைகள் இரண்டு. முதலாவது, வலி இல்லையே என்று வாளாவிராமல், முப்பது வயது கடந்த தாயையும் தமக்கையையும் அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது. கூச்சமும் அச்சமும் நோயைவிடக் கொடியவை. இரண்டாவது, கணிதமும் உயிரியலும் கணினியியலும் நம் பிள்ளைகள் துணிந்து கற்பது. 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவிய அண்ணல் அம்பேத்கர், கலையோடு அறிவியலும் நமக்கு உரியதென்று உணர்த்தினார்.

இயந்திரத்திற்குப் பார்க்கக் கற்றுத் தருவோர் வரிசையில் நம் இளைஞரும் அமர வேண்டும். அப்போதுதான் அதன் பார்வை எல்லார் மீதும் ஒன்றுபோல் படும். அந்த வரிசைக்கு ஆள் அனுப்புவதே இச்சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியாகுக.