மல்லிகைப் பதியம்

மாலை வேளையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்து செல்பவர்களை முதலில் எதிர்கொண்டு அழைப்பது மல்லிகையின் மணமே. கூடைகளில் குவிந்து கிடக்கும் அந்த அரும்புகளைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு நண்பரின் நினைவு வரும். அவர் இன்று இல்லை. அவர் எனக்குத் தந்த ஒரு செடியைப் பற்றியும், நான் அவருக்குத் தரத் தவறிய ஒரு செடியைப் பற்றியும் இன்று மாணவ நண்பர்களாகிய உங்களிடம் சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் மல்லிகையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் சூடும் குண்டுமல்லி பெரும்பாலும் காய்த்து விதை தருவதில்லை. ஆலும் வேம்பும் பறவைகளின் உதவியால் ஊர்விட்டு ஊர் சென்று முளைக்கின்றன. குண்டுமல்லிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மனிதன் அதன் கிளையை மண்ணில் பதித்தோ, தண்டை நறுக்கி நட்டோ வளர்த்தால்தான் அது பெருகும். ஆகவே ஒரு வீட்டு முற்றத்தில் குண்டுமல்லி பூத்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் கை அதனை மற்றொருவர் கையில் கொடுத்திருக்கிறது என்பது பொருள். இதனை எனக்கு எடுத்துச் சொன்னவர் அந்த நண்பரே.

1835ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தோட்டக்கலைச் சங்கத்தின் கதீட்ரல் சாலைத் தோட்டத்தில்தான் அவரை முதன்முதல் கண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் இருக்கும். நான் ஒரு ரோஜாக் கன்றைக் கையில் எடுத்து விலை கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து, "ஐயா, உங்கள் வீட்டுக் கிணற்று நீர் உப்புக் கரிக்குமா? கரிக்குமானால் இதனை வாங்காதீர்கள். ரோஜா உப்பைத் தாங்காது" என்றார். எங்கள் கிணற்று நீர் உப்புத்தான். கன்றை வைத்துவிட்டேன். நட்பு அன்று தொடங்கியது.

அவர் வீடு கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்கு அருகில் இருந்தது. இராமேசுவரத் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து தாமே கொண்டுவந்து நட்ட மல்லிகை ஒன்றை அவர் அங்கே வளர்த்து வந்தார். அந்த ஊரின் மணற்பாங்கான நிலத்தில் பதியமிட்ட மல்லிகைக் கன்றுகளுக்குத் தமிழ்நாடெங்கும் நல்ல பெயர் உண்டு. ஒருநாள் அந்தச் செடியின் கிளை ஒன்றை வளைத்து, கணுவின் அடியில் சிறிது கீறி, மண்ணில் புதைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றினார். "மூன்று நான்கு மாதங்களில் வேர்விடும். அதுவரை தாய்ச்செடிதான் இதற்கு உணவூட்டும். வேர்விட்ட பிறகே வெட்டிப் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் இரண்டும் கெடும்" என்றார். அந்தப் பதியமே எங்கள் கொல்லைக்கு வந்து, புதராக வளர்ந்து, ஆண்டுதோறும் பங்குனி முதல் பூத்துக் குலுங்கியது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையையும், அடையாற்றில் வந்த வெள்ளத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நண்பரின் தோட்டத்தில் நாட்கணக்கில் நீர் நின்றது. மல்லிகையின் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். நண்பரின் செடி பட்டுப்போயிற்று. தை மாதத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, புதரைத் தடவிப் பார்த்து, "என் செடி இங்கே பத்திரமாக இருக்கிறதே! ஒரு பதியம் போட்டுக் கொடுங்கள்" என்றார். "அதற்கென்ன, தருகிறேன்" என்றேன்.

சொன்னேனே தவிர, செய்யவில்லை. பூக்கும் பருவம் வருகிறது, மழைக்காலத்தில் செய்வோம் என்று தள்ளிப்போட்டேன். மழைக்காலமும் வந்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோது, எங்கள் வேம்பின் பெருங்கிளை ஒன்று முறிந்து மல்லிகைப் புதர்மேல் விழுந்தது. செடி மறுபடி தழைக்கட்டும் என்று மீண்டும் தள்ளிப்போட்டேன். நண்பர் ஒருமுறையும் நினைவூட்டவில்லை. சந்திக்கும்போதெல்லாம், "உங்கள் மல்லிகை நலமா?" என்று மட்டும் கேட்பார். அதனை வெறும் குசலமென்றே நான் எண்ணியிருந்தேன். அடுத்த வைகாசியில் அவர் காலமானார்.

அவர் மறைந்த செய்தி வந்த அன்று, முறிந்து தழைத்த அந்தச் செடியில் கொள்ளைப் பூ. புறநானூற்றில் குடவாயிற் கீரத்தனார் என்னும் புலவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் என்ற வீரன் இறந்தபின், பூச்சூடும் மனம் எவருக்கும் இல்லாத அவ்வூரில், முல்லை வழக்கம்போல் மலர்ந்திருப்பது கண்டு புலவர் வருந்தி அம்முல்லையையே வினவுகிறார். கல்லூரியில் அதனைப் பாடமாகப் படித்தவன் நான். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. ஆயினும் அப்புலவருக்கு இல்லாத துயரம் ஒன்று எனக்கு இருந்தது. அவர் முல்லையைக் கேட்டார். என்னையோ மல்லிகை கேட்பதுபோல் இருந்தது.

அந்த ஆடியில் பதியமிட்டேன். ஐப்பசியில் வேர்விட்ட கன்றை எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் சென்றேன். நண்பரின் துணைவியார் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். மூலையில் செங்கல் கட்டிய சிறு பாத்தி ஒன்று வெறுமையாக இருந்தது. "வெள்ளம் வடிந்ததும் மண்ணை மாற்றி, எரு இட்டு வைத்தார். மயிலாப்பூரிலிருந்து செடி வரும், இங்கே வேறெதையும் வைக்காதே என்று சொல்லியிருந்தார்" என்றார் அம்மையார். நான் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் அவர்கள் பேரன் நீர் கொண்டுவந்து ஊற்ற, கன்றை அந்தப் பாத்தியில் நட்டேன்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள பேராலமரத்தைக் காண நானும் நண்பரும் பலமுறை சென்றதுண்டு. 1989ஆம் ஆண்டில் அதன் அடிமரம் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. எனினும் முன்பே தரையில் ஊன்றிய விழுதுகள் மரத்தைக் காத்து நிற்கின்றன. மரம் தன் விழுதுகளைப் புயல் வருவதற்கு முன்பே இறக்கியிருந்தது. நாம்தாம் நாளை என்கிறோம்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் மல்லிகை இருந்தால், அதனைக் கொடுத்தவர் யார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். அதன் கிளை ஒன்றைப் பதியமிட்டு, இல்லாதவர் ஒருவருக்குக் கொடுங்கள். கொடுப்பதாக முன்பே சொல்லியிருந்தால் இன்றே பதியமிடுங்கள். அது வேர்விடுவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும்.

கோட்டூர்புரத்துச் செடி இப்பொழுது பூக்கிறது. அதிலிருந்து ஒரு பதியம் எடுத்துத் தம் தோழருக்குக் கொடுத்ததாக அந்தப் பேரன் அண்மையில் என்னிடம் சொன்னார்.