புற்றுநோய் அறிக்கையும் அதன் சொற்களும்



முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்குச் சொற்பொருள் கற்பித்து வருபவன் நான். அத்தகைய நானே ஒரு சொல்லின் பொருளைப் பிழையாகக் கூறி, உடன்பிறந்த தங்கையின் உள்ளத்தை நோகச் செய்தேன். அதைச் சொல்லாமல் இப்பேச்சைத் தொடங்குதல் நேர்மையாகாது.

தங்கையின் மார்பகத்தில் தோன்றிய கட்டி சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டது. அக்கட்டியையும் அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்களையும் ஆய்ந்து எழுதிய அறிக்கை சில நாட்களில் வீட்டுக்கு வந்தது. நம் நாட்டில் இத்தகைய அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. குடும்பத்திலே ஆங்கிலம் கற்றவன் நான். ஆதலால் எல்லாரும் விறாந்தையிற் கூடி என் முகத்தையே நோக்கியிருந்தனர். மூன்று கணுக்கள் 'பொசிற்றிவ்' என்று ஓரிடத்திற் கண்டேன். "பயப்படாதே பிள்ளை, நல்லதாய்த்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அன்று மாலையே அவள் பிள்ளையார் கோயிலுக்குச் சென்று கற்பூரம் கொளுத்தி வந்தாள்.

அடுத்த கிழமை வைத்தியர் அறிக்கையைப் பார்த்து, நோய் மூன்று கணுக்களை அடைந்துவிட்டது என்றும், இரசாயன மருந்துச் சிகிச்சை அவசியம் என்றும் விளக்கினார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பார்வையை நான் மறந்திலேன்.

வைத்தியர் மேலும், "ஹோமோன் ஏற்பிகளும் பொசிற்றிவ்" என்றார். இம்முறை நான் நடுங்கினேன். அவரோ புன்னகை செய்து, "இது நமக்கு உதவும் செய்தி. கட்டியின் கலங்களில் ஹோமோன் ஏற்பிகள் இருப்பதால், தமொக்சிபென் போன்ற மாத்திரை பயன் தரும்" என்றார்.

ஒரே சொல் ஓரிடத்தில் துன்பத்தையும் மற்றோரிடத்தில் நம்பிக்கையையும் தந்தது எங்ஙனம்? வைத்திய மொழியில் பொசிற்றிவ் என்றால் தேடியது காணப்பட்டது. நெகற்றிவ் என்றால் தேடியது காணப்படவில்லை. இவ்வளவே பொருள். நன்மை தீமை அச்சொல்லில் இல்லை. தேடப்பட்ட பொருளில் இருக்கிறது. வெட்டி எடுத்த பகுதியின் விளிம்பு 'நெகற்றிவ்' என்றால் அவ்விளிம்பில் நோய்க்கலம் இல்லை என்பதாகும். அது மகிழத்தக்க செய்தி. ஆகவே இச்சொற்களைக் கேட்டவுடன் நாம் வினவ வேண்டியது, "இங்கே தேடியது என்ன?" என்பதே.

பாடசாலையில் முன்னேற்ற அறிக்கை என்றால் பெற்றோர் ஆவலோடு கையேற்பர். புற்றுநோய் அறிக்கையில் 'புரோகிறெஷன்' என்று வருமாயின், முன்னேறியது நோயேயன்றி நோயாளியின் உடல்நலம் அன்று. 'றெமிஷன்' என்பது நோய் தணிந்த நிலை. முழுமையான றெமிஷன் என்றால் பரிசோதனைகளில் நோயின் அறிகுறி தென்படவில்லை என்பது பொருள். ஆயினும் குறித்த காலங்களில் வைத்தியரிடம் சென்று காட்டுவதை நிறுத்தலாகாது.

'ஸ்ரேஜ்', 'கிறேட்' என்னும் இரண்டையும் பலர் ஒன்றென மயங்குவர். ஸ்ரேஜ் என்பது நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதைக் காட்டும் படிநிலை; பொதுவாக 1 முதல் 4 வரை எண்ணப்படும். கிறேட் என்பது நுணுக்குக்காட்டியிற் பார்க்கும்போது நோய்க்கலங்கள் இயல்பான கலங்களினின்றும் எவ்வளவு வேறுபட்டுள்ளன என்பதைக் காட்டும் தரம். கிறேட் 3 என்று கண்டவர், நோய் மூன்றாம் படிக்குச் சென்றுவிட்டது என்று கலங்குதல் வேண்டா. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் அது மார்பகப் புற்றுநோயே. சிகிச்சையும் அதற்கேற்பவே அமையும்.

இன்னுமொரு சொல்லைக் கேட்டதும் வீடுகளில் அழுகுரல் எழுகிறது. அது 'பலியேற்றிவ்' பராமரிப்பு என்பது. வைத்தியர் கைவிட்டார் என்பதன்று அதன் பொருள். வலி, குமட்டல், மனக்கலக்கம் முதலியவற்றைத் தணிக்கும் பராமரிப்பு அது. நோயை எதிர்க்கும் சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நடத்தக்கது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். நோயை நோயாளியின் மொழியிற் சொல்ல முடியும் என்பதை அவர் அன்றே காட்டினார். அவ்வாறு சொல்லும்படி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வகுப்பறையில் நாம் ஒரு வழியைக் கையாளுகிறோம். பாடம் முடிந்ததும் மாணவனை எழுப்பி, "நீ விளங்கிக்கொண்டதை உன் சொற்களிற் சொல்" என்போம். வைத்தியர் முன்னிலையில் நாமும் அம்மாணவனாகலாம். "ஐயா, நான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன், பிழையாயின் திருத்துங்கள்" என்று கேட்பதில் வெட்கமில்லை. அவர் சொன்னதை ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குத் துணையாக ஒருவர் உடன் செல்லுங்கள்.

அன்று வீடு திரும்பும் வழியில் தங்கை சொன்னாள்: "அண்ணை, இனி நீங்கள் வாசிச்சுச் சொல்ல வேண்டாம். கேட்டுச் சொல்லுங்கோ." அவள் சினந்து சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து, இப்போது நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வருகிறாள். அவளுடைய கொப்பியின் முதற்பக்கத்தில், "இங்கே தேடியது என்ன?" என்னும் வினா என் கையெழுத்திலேயே இருக்கிறது.