விமானிகள் மறவாத விமானம்



யானையைப் பழக்கிய பாகன் அதனைப் பிரிந்த பின்னும் அதன் குணம் பேசி மகிழ்வான். பழைய விமானிகளும் அத்தகையோரே. வீ.சீ. 10 என்ற பெயரைக் கேட்டதும் அவர்தம் முகம் மலரும்.

இந்த ஜெட் விமானம் 1962 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள் இங்கிலாந்தின் வேபிரிட்ஜில் முதன்முதல் வானேறியது. கடல்மட்டத்துக்கு 5,000 அடிக்கும் மேலே அமைந்த நைரோபி போன்ற இடங்களில் காற்று மெலிந்தது, வெப்பமோ மிகுந்தது. அங்கெல்லாம் எளிதில் எழவும் இறங்கவுமே இவ்விமானம் வகுக்கப்பட்டது. நான்கு ரோல்ஸ் றோய்ஸ் கொன்வே எஞ்சின்களும் வாற்புறத்தே பொருத்தப்பட்டன. அதனாற் சிறகுகள் தடையின்றி விரிந்தன. விமானம் குறைந்த வேகத்தில் மெல்லத் தரையிறங்கிற்று. இரைச்சல் பின்னே ஒழியப் பயணிகள் அமைதியாய் அமர்ந்திருந்தனர். சிறகின் பெரும் பகுதிகள் முழு உலோகப் பாளங்களிலிருந்து குடைந்தெடுக்கப்பட்டவை. அவ்வுறுதியைப் பராமரிப்புப் பொறியியலாளர் வியந்துரைப்பர். உயர்ந்த வாலில் ஏறிப் பணிசெய்த சிரமமும் அவர்க்கு இனிய நினைவே.

ஆயினும் கணக்கேடு வேறு கூறிற்று. ஓடுபாதைகள் நீட்டப்பட்டன, வீ.சீ. 10 இன் தனிச்சிறப்புக்குத் தேவை குன்றியது. நிறுவனங்கள் குறைந்த செலவிற் பறக்கும் போயிங் 707 ஐ நாடின. மொத்தம் 54 வீ.சீ. 10 விமானங்களே செய்யப்பட்டன.

எனினும் அவற்றுட் சில, பிரித்தானிய வான்படையிற் பிற விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் ஊட்டும் தாய்போலப் பணிபுரிந்து, 2013 செப்டெம்பரிலேயே ஓய்வு பெற்றன.

ஒரு பொருளின் செலவைக் கணக்கேடு கூறும்; அதன் அருமையைக் கையாண்டவரே அறிவர்.